நாடகப் பட்டறையால் பஸ் நிற்குமா?

கேள்வி: 18 ஆகஸ்ட்

மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் நான். நாட்டு நலப்பணித் திட்டமும் என் தலையில்தான். காலாண்டு விடுமுறையில் 7 நாள் முகாம் வருகிறது. மரம் நடுவது, கோயில் வளாகம் பெருக்குவது எல்லாம் வருடா வருடம் செய்தாயிற்று. போன வருடம் நட்ட குழியிலேயேதான் இந்த வருடமும் நட வேண்டும். இந்த முறை 2 நாள் நாடகப் பட்டறை வைத்து, 7ஆம் நாள் ஊருக்குள் ஒரு விழிப்புணர்வு நாடகம் போடலாம் என்று யோசனை. தலைப்பு, போதை ஒழிப்பு அல்லது நெகிழி ஒழிப்பு. சக ஆசிரியர் ஒருவர், "நாடகம் பார்த்து எவனும் திருந்தினதில்ல, பசங்க ரெண்டு நாள் கூத்தடிப்பானுங்க" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நிஜமாகவே ஏதாவது மாறுமா?

18 ஆகஸ்ட், இரவு

உங்கள் சக ஆசிரியர் சொல்வது முக்கால்வாசி சரி.

போதை ஒழிப்பு நாடகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தலையில் துண்டு கட்டிய அப்பா தள்ளாடிக்கொண்டு வருவார். அந்தத் தள்ளாட்டத்துக்கே முதல் கைத்தட்டல். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுவார். பெரும்பாலும் அது புடவை கட்டிய பையன் என்பதால் அதற்கு இரண்டாவது கைத்தட்டல். மகன் செத்துப்போவான், அல்லது மாவட்டத்தில் முதல் மதிப்பெண் வாங்குவான். கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று கையை நீட்டி உறுதிமொழி. 1990களிலிருந்து இப்படி இருபதுக்கும் மேல் நானே போட்டிருக்கிறேன். ஓர் ஊரில் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர், நாடகம் முடிந்ததும் என்னிடம் வந்து, "குடிச்சவனுக்கு முழங்கால் அப்படி மடங்காது தம்பி" என்று நடந்தே காட்டினார். அவர் காட்டியதுதான் அன்றைக்கு நல்ல நடிப்பு.

தலைப்பை நீங்களே வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டால் அதற்குப் பெயர் ஒத்திகை. அதைப் பட்டறை என்று சொல்லாதீர்கள்.

19 ஆகஸ்ட்

திட்டிவிட்டு மட்டும் போனால் நியாயமில்லை. முதல் நாள் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

கதை வேண்டாம், வசனம் வேண்டாம், விளையாட்டு மட்டும் போதும். இரண்டிரண்டு பேராக நிற்கட்டும். ஒருவர் தன் உள்ளங்கையை மற்றவர் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் பிடிக்க வேண்டும். கை போகிற பக்கமெல்லாம் முகம் போக வேண்டும், அந்த ஒரு சாண் கூடவோ குறையவோ கூடாது. கை தாழ்ந்தால் குனி, தரைக்குப் போனால் தவழு. இது பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவாலின் பயிற்சி. அவர் வைத்த பெயர் 'கொலம்பிய வசியம்'. சில நிமிடம் கழித்து கையும் முகமும் இடம் மாற வேண்டும். ஆசிரியர்களும் கட்டாயம் சேர வேண்டும். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், விளையாட்டு ஆசிரியரை பெஞ்சுக்கு அடியில் நுழையவைத்து அந்தப் பக்கமாக வெளியே எடுத்தான். அவரும் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

முடிந்ததும் வட்டமாக உட்காரவைத்து, கையாக இருந்தபோது எப்படி இருந்தது, முகமாக இருந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், "முகமா இருந்தப்பதான் சார் நல்லா இருந்துச்சு, யோசிக்கவே வேணாம்" என்றாள். என்னிடம் தயாராக இருந்த பேச்செல்லாம் போயிற்று. அந்த ஒரு பதிலைச் சுற்றியே அன்று மாலை முழுக்கப் பேசினார்கள்.

அடுத்தது சிலை. "உனக்குத் தினமும் எரிச்சல் வருகிற இடத்தை நாலு பேரை நிறுத்திக் காட்டு." பேசக் கூடாது. வசனம் கொடுத்தால் சீரியலில் கேட்டதைப் பேசுவார்கள். வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னால் வீடும் தெருவும் வந்துவிடும்.

19 ஆகஸ்ட், சற்றுப் பின்

2 நாள் என்று எழுதியிருந்தீர்கள், அதைத் திட்ட மறந்துவிட்டேன். போதாது. 5 மாலையாவது வேண்டும். காலையில் மரம் நட்டுக்கொள்ளுங்கள்.

22 ஆகஸ்ட்

"பேச்செல்லாம் சரி, ஒரு நாடகத்தால் ஒரு விஷயமாவது மாறியதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாறியது. அல்லது மாறியது என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

2013. கரிசல் பக்கம் ஒரு கிராமம். பள்ளி விட்டதும் 7 மாலைப் பொழுது. எங்களுக்குக் கிடைத்த பணம் நெகிழி ஒழிப்புக்கு. அதனால் நெகிழிப் பாட்டு, நெகிழி அரக்கன் முகமூடி எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தோம். இரண்டாம் நாள் சிலை வைக்கச் சொன்னேன். 6 குழு. அதில் 4 குழுக்கள் பேசிவைத்தது போல ஒரே படத்தை நிறுத்தின. ஒருவன் நேராகப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங் பிடித்திருக்கிறான். பின்னால் நாலைந்து பேர் கையைத் தூக்கியபடி, வாய் திறந்தபடி. காலனி ஸ்டாப்பில் பஸ் நிற்பதில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "எல்லா ஊரிலும் உள்ளதுதானேப்பா" என்று சொல்லிவிட்டு நெகிழிக்குப் போய்விட்டேன். மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. கூட வந்த தோழி இரவு பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். நான்காம் நாள் முகமூடி மூட்டையைப் பள்ளி ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டோம். இன்னும் அங்கேயே இருக்கலாம்.

நாடகம் 8 நிமிடம். காலை டவுன் பஸ் காலனி ஸ்டாப்பைத் தாண்டிப் போய் ஊர் ஸ்டாப்பில் நிற்கிறது. பிள்ளைகள் பையோடு ஓடுகிறார்கள், பஸ் கிளம்பிவிடுகிறது. நடந்தே போகிறார்கள், பள்ளி வாசலில் நிற்கவைக்கப்படுகிறார்கள், ஒருத்தி மாதத் தேர்வைத் தவறவிடுகிறாள். அங்கேயே முடிகிறது, தோல்வியோடு. உறுதிமொழி கிடையாது.

பிறகு அதே நாடகத்தை முதலிலிருந்து போடுவோம். இந்த முறை கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சத்தம் கொடுக்கலாம், மேடைக்கு வந்து தோற்றவரின் இடத்தில் நின்று வேறு ஏதாவது செய்து பார்க்கலாம். போவால் உருவாக்கிய முறை இது. விவாத அரங்கு என்பார்கள்.

முதலில் ஓர் இளவட்டம் வந்து ரோட்டில் படுத்தான். ஒரே விசில். டிரைவராக நடித்த பத்தாம் வகுப்புப் பையன் கொஞ்சமும் அசராமல் ஸ்டியரிங்கை ஒடித்து அவனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்து ஒரு பாட்டி. பிள்ளையாக நடிக்க மாட்டேன், நானாகவே வருகிறேன் என்றார். முந்தின ஸ்டாப்பிலேயே கூடையோடு ஏறி, காலனி வந்ததும் படியில் நின்றுகொண்டு, "ஏப்பா, எறங்கணும் நிறுத்து" என்றார். இறங்குகிறவருக்கு நிறுத்தித்தானே ஆக வேண்டும்? கூடையை இறக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் 9 பிள்ளைகள் ஏறிவிட்டார்கள்.

மூன்றாவதாக லுங்கி கட்டிய ஒருவர் எழுந்து, "நான் டிரைவரா வரலாமா?" என்றார். விதிப்படி கூடாது, அடக்குகிறவர் இடத்துக்கு யாரும் வர முடியாது. என்னவோ தோன்றியது, விட்டுவிட்டேன். அவர் அதே ஊர்க்காரர், கண்டக்டர், அன்று ஓய்வு. நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். "ஏற்கெனவே படியில தொங்குறாங்க. விழுந்தா கேஸ் எங்க மேல. அஞ்சு நிமிஷம் லேட்டானா டைம் கீப்பர் கேப்பார். நீங்க பாஸ், ஏத்தினா வசூலும் கிடையாது, டிப்போல அதுக்கும் கேப்பாங்க. நாங்க என்ன செய்ய?" கூட்டம் அமைதியாகிவிட்டது. நியாயமாகத்தான் இருந்தது.

அப்போது மாதத் தேர்வைத் தவறவிட்டவளாக நடித்த பெண் கேட்டாள்: "ஊர் ஸ்டாப்ல நிறுத்த மட்டும் எப்படிண்ணே டைம் இருக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாக, "அங்க நிறுத்தலன்னா கல்லு வரும்" என்றார்.

சாதி என்ற சொல்லை அந்த இரவு யாரும் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பஸ் நின்றது.

22 ஆகஸ்ட், இரவு

நடுவில் நின்று நடத்துகிறவர் யார் என்று கேட்டவருக்கு: அவருக்குப் போவால் வைத்த பெயர் 'ஜோக்கர்'. கோமாளி என்ற அர்த்தத்தில் அல்ல, சீட்டுக்கட்டு ஜோக்கர். எந்தக் கட்சியிலும் சேராதவர், எங்கு வேண்டுமானாலும் பொருந்துகிறவர். ரம்மி ஆடுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அவருக்கு ஒரே வேலை, கூட்டத்தைக் கேள்வி கேட்பது. யாராவது வந்து, "கலெக்டர் காரில் அந்த வழியாக வந்தார், பார்த்தார், உத்தரவு போட்டார்" என்று முடித்தால், "இது நடக்குமா, மாயாஜாலமா?" என்று கூட்டத்திடம் கேட்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு "மாயாஜாலம்!" என்று கத்துவதில் தனி ஆனந்தம். நம் சினிமா முடிவுகள் பாதியை அவர்களே தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

விவாத அரங்கு முறை பிறந்தது பெருவில். பிரேசில் ராணுவ ஆட்சி 1971இல் போவாலைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. நாட்டை விட்டு வெளியேறியவர், 1973இல் பெருவின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை பார்த்தார். அங்கே கணவனால் ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் கதையை நாடகமாகப் போட்டார்கள். பார்வையாளர்கள் யோசனை சொல்லச் சொல்ல நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். பருமனான ஒரு பெண், அவனோடு தெளிவாகப் பேச வேண்டும் என்றார். நடித்துக் காட்டினார்கள், அவருக்குத் திருப்தி இல்லை. இன்னும் தெளிவாக என்றார். மறுபடி நடித்தார்கள், ம்ஹூம். போவால் கடைசியில், நீங்களே வந்து காட்டுங்களேன் என்றார். அவர் வந்தார், துடைப்பத்தை எடுத்தார், கணவனாக நடித்தவருக்கு அவர் சொன்ன 'தெளிவு' என்னவென்று புரிந்தது. அதன் பிறகுதான் பார்க்கிறவரை மேடைக்கு ஏற்றும் வழக்கமே வந்தது.

25 ஆகஸ்ட்

புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். 1991இல் நான் கல்லூரி மாணவன், பக்கத்து மாவட்டத்துக் கலைக்குழு ஒன்றில் பறை தூக்கியவன். "நாடகம் போட்டே ஒரு மாவட்டத்தை எழுதப் படிக்கவைத்தார்கள்" என்கிறார் அவர். அப்படி இல்லை. நாடகமும் பாட்டும் கூட்டம் சேர்த்தன, வெட்கத்தைப் போக்கின. எழுத்து வந்தது, அதற்குப் பிறகு தினமும் மாலையில் வந்து உட்கார்ந்த தொண்டர்களால். அந்த மாவட்டத்தில் கல்குவாரிப் பெண்கள் உட்படப் பலர் அப்போது சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அதற்கும் யாரோ ஒருவர் பின்னாலேயே ஓடிவந்து சீட்டைப் பிடித்திருக்கிறார்.

"அரசியல் வேண்டாம், பொதுவான கருத்து போதும்" என்று எழுதியவருக்குப் பதில் சொல்லப் பொறுமையில்லை. 1989 ஜனவரி 1 அன்று, டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில், தொழிலாளர்கள் முன்னால் நாடகம் போட்டுக்கொண்டிருந்த வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் குழுவைத் தாக்கினார்கள். மறுநாள் அவர் இறந்தார். வயது 34. ஜனவரி 4 அன்று அவர் மனைவி மொலொயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குப் போய், நின்றுபோன நாடகத்தை முடித்துவிட்டு வந்தார். பொதுவான கருத்து சொல்கிறவர்களை யாரும் அடிப்பதில்லை.

27 ஆகஸ்ட்

மேலே கடைசி வரியை மூன்று முறை படித்தேன். வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடி யாருக்கு விழும் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

வேறொரு ஊர். வருடம் வேண்டாம். பதினோராம் வகுப்புப் பெண், தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பேசுகிறார்கள் என்று சிலை வைத்தாள். நன்றாக நடிப்பாள். அதை நாடகமாக்கி அந்த ஊரிலேயே, ஊர் மந்தையிலேயே போட்டோம். பெயரை மாற்றிவிட்டோமே, போதாதா என்று நினைத்தோம். அவள் மேடையில் "எனக்கு வேண்டாம்" என்று சொன்ன இடத்தில் அப்படி ஒரு கைத்தட்டல். எங்கள் வேன் இரவு 10 மணிக்குக் கிளம்பியது. பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம்.

அவளுக்கு அன்றிரவே அடி விழுந்தது. பள்ளிக்கு வருவதும் இரண்டு வாரம் நின்றுபோயிற்று. வகுப்பாசிரியை வீட்டுக்கு நடையாய் நடந்து திரும்பக் கூட்டிவந்தார். அவர் எனக்கு எழுதிய கடிதத்தில் திட்டு எதுவும் இல்லை, நடந்ததை மட்டும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது?

போவாலே தன் கதையாக ஒன்று சொல்லியிருக்கிறார். பிரேசிலின் வடகிழக்கில் விவசாயிகள் முன்னால் அவர் குழு ஒரு நாடகம் போட்டது. நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியைத் தூக்கிப் பாடினார்கள். முடிந்ததும் விர்ஜிலியோ என்ற விவசாயி கண்ணீரோடு வந்தார். வாருங்கள், சாப்பிட்டுவிட்டு எல்லோருமாகப் போய் எங்கள் நிலத்தைப் பிடுங்கியவனின் ஆட்களை அடித்து விரட்டுவோம், உங்களிடம்தான் துப்பாக்கி இருக்கிறதே என்றார். இது மரத்துப்பாக்கி, சுடாது என்றார்கள். பரவாயில்லை, எங்களிடம் நிஜமானது இருக்கிறது, நீங்கள் வாருங்கள் என்றார். நாங்கள் கலைஞர்கள், விவசாயிகள் இல்லையே என்று இழுத்தார்கள். அப்படியானால் நீங்கள் பாடிய ரத்தம் எங்களுடையதா என்று கேட்டார் விர்ஜிலியோ.

இதைப் படித்திருந்தும், பட்டறைகளில் அடுத்தவர்களுக்குச் சொல்லியிருந்தும்தான் அந்த ஊரில் அப்படிச் செய்தேன்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம்: வீட்டுக்குள் நடக்கிற கதை பட்டறை அறைக்குள்ளேயே இருக்கும். வெளியே கொண்டுபோவதானால் வேறு ஊரில், வேறு பிள்ளை நடிக்க, அந்தப் பிள்ளை சம்மதித்த பிறகு. நாங்கள் கிளம்பிய பின் கதவைத் தட்ட அந்த ஊரிலேயே யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுகிறேன். பஸ், தண்ணீர், ரேஷன் கடை போன்ற பொது விஷயங்களை ஊரிலேயே போடலாம். அங்கே கல் விழுந்தாலும் பத்துப் பேருக்கும் சேர்ந்து விழும்.

2 செப்டம்பர்

திருத்தம். பெரிய திருத்தம்.

22ஆம் தேதிக் குறிப்பை யாரோ அனுப்பி, "எப்படிண்ணே டைம் இருக்கு" என்று கேட்ட அதே பெண் நேற்று போன் செய்தாள். இப்போது கோவையில் வேலை. "சார், நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா பாதி தப்பு" என்று ஆரம்பித்தாள்.

பஸ் நின்றது 3 வாரம்தான். அந்தக் கண்டக்டர் அண்ணன் அந்த ரூட்டில் இருந்த வரைக்கும். அவரை வேறு ரூட்டுக்கு மாற்றியதும் பழைய கதை. பிறகு எப்படி நின்றது என்றால், ஸ்டாப்புக்கு நேராக ஒரு வேகத்தடை வந்தது. பஸ் மெதுவாகித்தான் ஆக வேண்டும், ஏறிக்கொண்டார்கள். வேகத்தடை யார் போட்டது? தன்னால்தான் என்று மூன்று பேர் சொல்லிக்கொள்கிறார்களாம். பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தது உண்மை. ஆகா, மனு எழுதும் துணிச்சல் பட்டறையில் வந்தது என்று நான் குஷியாகிவிட்டேன். "இல்ல சார், தமிழ் ரெண்டாம் தாள்ல விண்ணப்பம் எழுத வருமே, அத பாத்து எழுதினோம்."

அப்புறம் அந்தப் பாட்டி. மேடையில் தோன்றிய யோசனை என்று நான் இத்தனை வருடம் எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன்! பாட்டி அதை ஏற்கெனவே வாரத்துக்கு இரண்டு நாள் செய்துகொண்டிருந்தாராம். சந்தைக்குப் போய்த் திரும்புகிற நாளெல்லாம் பிள்ளைகளுக்கு பஸ் கிடைக்கும். எங்களுக்குத்தான் அன்று தெரிந்தது.

வைக்கும் முன் சொன்னாள்: "திரும்ப வர்றேன்னு சொன்னீங்க. நாங்க அடுத்த நாடகம்கூட யோசிச்சு வச்சிருந்தோம் சார்."

என்ன நாடகம் என்று கேட்டேன். மறந்துவிட்டதாம்.

3 செப்டம்பர்

திரும்பப் போவது பற்றி. மேற்கு வங்கத்தில் சுந்தரவனப் பக்கம் 1985இல் ஆரம்பித்த ஜன சன்ஸ்கிருதி, போவால் முறையில் வேலை செய்கிற குழு. கிராமத்து ஆட்களேதான் நடிகர்கள். ஒரே ஊருக்கு ஒரே பிரச்சினையோடு மறுபடி மறுபடி போவார்கள். முதல் தடவை கத்துகிறவர்கள் இரண்டாம் தடவை யோசிக்கிறார்கள். நாங்கள் வேனில் போய் வேனில் வந்தவர்கள். போவாலுக்கே கூட, 1993 முதல் 1996 வரை ரியோ நகர்மன்ற உறுப்பினராக உட்கார்ந்து, தெருவில் போட்ட நாடகங்களிலிருந்து வந்ததைச் சட்ட முன்வரைவாக எழுதித்தான் 13 சட்டங்கள் கிடைத்தன.

சில்லறை விஷயங்கள்: சுண்டல் கட்டாயம். சுண்டல் இல்லாத பட்டறைக்கு மறுநாள் ஆள் குறையும். பேனர் வேண்டாம். சிறப்பு விருந்தினர் வேண்டவே வேண்டாம், அவர் வருகிற வரைக்கும் பிள்ளைகள் மேக்கப்போடு வெயிலில் நிற்கும். புகைப்படம் கடைசி நாள் மட்டும்.

4 அக்டோபர்

கேட்ட ஆசிரியர் முகாம் முடித்துவிட்டு எழுதியிருக்கிறார். தலைப்பைப் பிள்ளைகளிடமே விட்டாராம். 5 மாலை. சிலையில் வந்தது போதையும் இல்லை, நெகிழியும் இல்லை. ஒரு கதவு, அதன் முன்னால் நான்கு பெண்கள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. பள்ளியில் மாணவிகள் கழிப்பறை. பூட்டியே கிடக்கும், சுத்தம் கெட்டுவிடும் என்பதால். முகாம் ஊரில் போடாமல் பள்ளி திறந்ததும் பெற்றோர் கூட்டத்தில் போடலாமா என்று கேட்கிறார். தலைமையாசிரியர் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கம்.

போடலாம். கோபித்துக்கொள்ளட்டும், பிறகும் நீங்கள் அங்கேயேதான் இருக்கப்போகிறீர்கள், அதுதான் எங்களுக்கு இல்லாத வசதி. ஒரே ஒரு விவரம் மட்டும் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது?

6 அக்டோபர்

பதில் வந்திருக்கிறது. ஒரே வரி.

"என் மேஜை டிராயரில் சார்."